பாட்டுக்கு நின்ற மாடு

வேளாங்கண்ணிக்குக் கும்பிட மாதா, கேட்கத் திருமுருகன். விடியற்காலை ஐந்து மணிக்கு மாட்டுக்கொட்டகைக்குள் நுழையும்போது நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வாள். அந்தக் கையோடு போனை எடுத்து, தூணில் தொங்குகிற பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, திருமுருகன் பாட்டைப் போட்டுவிடுவாள். இரண்டு பசுக்களுக்கும் பால் கறந்து முடிய ஐந்து பாட்டு ஆகும். சாணி அள்ளிக் கொட்டகையைக் கூட்டி முடிய மூன்று. பால் சொசைட்டிக்காரர் ஹாரன் அடிக்கும்போது ஒன்பதாவது பாட்டு பாதியில் நிற்கும்.

திருமுருகன் இலுப்பூர்ப் பக்கத்து ஆள். கோயில் திருவிழா மேடைகளில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தவன், நாலைந்து வருஷமாக ஆல்பம் பாட்டுப் போட்டு யூடியூபில் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்துவிட்டான். இலுப்பூரில் ஒரு கச்சேரிக்கு வேளாங்கண்ணி போய் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நாள் காது அடைத்துக் கிடந்தாள். முப்பத்தெட்டு வயசில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டுக்காரன் மேல் இப்படிப் பைத்தியமாக இருப்பது அந்த ஊரில் சிரிப்புக்கு இடமான விஷயம்தான். நூறுநாள் வேலையில் மண்சட்டி மாற்றும்போது பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வெட்கப்பட வேண்டிய காரியமாக அவளுக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆவூருக்கு மேற்கே, தைலமரக் காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிற சிற்றூர் அது. நாற்பது வீடு, ஒரு மாதா கோயில். புருஷன் மரியசெல்வம் லோடு வண்டி ஓட்டுகிறான். விராலிமலைக் கம்பெனியிலிருந்து திருச்சிக்கு ஒரு நடை, திருச்சியிலிருந்து எதுவோ ஏற்றிக்கொண்டு திரும்ப ஒரு நடை. இடுப்பு வலிக்காரன், அதிகம் பேசமாட்டான்.

கொட்டகையின் கடைசியில், பசுக்களுக்குத் தள்ளி, இரண்டு கயிற்றில் சம்மனசு நிற்கும். செவலைக் காளை. மிக்கேல் சம்மனசு திருநாளில் பிறந்த கன்று என்று வேளாங்கண்ணியின் அப்பா மைக்கேல்சாமி வைத்த பெயர். சம்மனசு என்றால் தேவதூதர், ஆனால் பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அந்நியர் ஒருவர் வேலியைத் தாண்டினால் முன்காலால் மண்ணைப் பறித்து எறியும். மைக்கேல்சாமி அதை மகளுக்குச் சீதனம் மாதிரி ஓட்டிவந்து கட்டிவிட்டு, அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். கட்டும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு சொன்னார். திமிலில் வீட்டு ஆளின் கைகூடப் படக்கூடாது. மாட்டுக்குக் கூச்சம் இருப்பது திமிலில். அந்தக் கூச்சம் இருக்கிறவரைக்கும்தான் வாடிவாசலில் ஒருவன் தொட்டதும் உதறும். அதனால் அந்த வீட்டில் சம்மனசைக் குளிப்பாட்டும்போது உடம்பெல்லாம் கையால் தேய்ப்பார்கள். திமில் வந்ததும் கையை எடுத்துவிட்டு வைக்கோல் பிரியால் தேய்ப்பார்கள்.

நாலு வருஷத்தில் பதினாறு வாடிவாசல் பார்த்தாயிற்று. ஒருவன் கையிலும் சம்மனசு நின்றதில்லை. பிடிபடாத மாட்டுக்குப் பரிசு மாட்டுக்காரருக்கு என்பதால், வீட்டில் எவர்சில்வர் அண்டா மட்டும் ஆறு இருந்தது. மின்விசிறி மூன்று, மாட்டுவதற்குத்தான் கூரையில் இடமில்லை. ஆனால் பருத்திக்கொட்டை, உளுந்துத் தூசி, புண்ணாக்கு என்று வாரத்துக்கு வாரம் வண்டியில் வந்து இறங்குகிற தீனியைப் பார்த்து மரியசெல்வம் ஒருநாள் தீர்த்துச் சொல்லியிருந்தான்.

"பிடிபடாத வரைக்கும் இருக்கட்டும். ஒங்கப்பாரு கொடுத்தது, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பிடிபட்ட மாட்டைக் கட்டிவச்சுச் சோறு போட நம்மளால ஆகாது வேளாங்கண்ணி. அன்னிக்குக் கயித்த மாத்தி யாவாரிக்குக் கொடுத்துருவேன்."

அவன் சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும். சம்மனசு பிடிபடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால் சரி என்றாள்.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டுத் தைலமர வாசனை ஈரமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, ஆத்மநாதன் என்பவன் காரில் வந்து இறங்கினான். திருமுருகனின் மேனேஜர். பொங்கலுக்கு ஒரு ஜல்லிக்கட்டுப் பாட்டு எடுக்கப் போகிறார்கள். விரிகொம்புச் செவலைக் காளை வேண்டும். நாலு ஊரில் விசாரித்ததில் எல்லோரும் இந்த வீட்டைக் காட்டினார்கள் என்றான். வேளாங்கண்ணி கையில் இருந்த பால் தூக்கைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"அவரே வருவாரா தம்பி? இங்கிட்டா?"

"அண்ணன்தாங்க்கா ஹீரோ. நீங்களும் வரலாம். கூட்டத்துல நின்னு மாட்டைப் பாக்குற மாதிரி ஒரு சீன் இருக்கு, அதுல நிக்கலாம்."

என்ன கொடுப்பார்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. ஆனால் ஆத்மநாதன் ஒன்று சொன்னான். பாட்டு முடிகிற இடத்தில் அண்ணன் காளையின் திமிலில் கைபோட்டு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாடு அசையக் கூடாது. பத்து நாள் இருக்கிறது. முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடலாம், திருமயம் பக்கம் ஒரு மாடு பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வேளாங்கண்ணி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். சம்மனசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"நிக்கும்" என்றாள்.

புருஷனிடம் படப்பிடிப்பைச் சொன்னாள், திமிலைச் சொல்லவில்லை. மாட்டைச் சும்மா நடத்திக் காட்டினால் போதுமாம் என்றாள். அவன் ம் என்று ஒரு ராகமாக இழுத்துவிட்டு, போய்விட்டு வா என்றான். படப்பிடிப்பு அன்று அவனுக்கு லோடு இருந்தது.

ஆத்மநாதன் பாட்டை அவள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான். வெளிவராத பாட்டு, யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். உலகத்தில் யாரும் கேட்காத திருமுருகன் பாட்டைத் தான் முதலில் கேட்கிறோம் என்பதில் அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உறுமி மேளம் இழுத்துத் தொடங்கும். 'எட்டி நில்லு பங்காளி, இது எங்க வீட்டுக் காளைடா' என்று வரும். எங்க வீட்டுக் காளை என்று அவன் பாடும்போதெல்லாம் தன்னைக் கேட்டுக்கொண்டு எழுதினது போலவே அவளுக்கு இருந்தது.

மரியசெல்வம் லோடு ஏறிப் போன பிறகு, கண்மாய்க்கரைப் புளியமரத்தில் சம்மனசைக் கட்டிவைத்து வேலையைத் தொடங்கினாள். போனில் பாட்டைப் போடுவது, வைக்கோலால் திமிலைத் தடவுவது, பிறகு வைக்கோலைப் போட்டுவிட்டுக் கையால். முதல் தடவை கை பட்டதும் காளை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அவளைக் கருவேல முள்ளில் கொண்டுபோய்ப் போட்டது. இடது கைக் கட்டைவிரல் நகம் கொம்புக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கிக் கறுத்துவிட்டது. வீட்டில் கதவிடுக்கு என்று சொல்லிக்கொண்டாள். நாலாம் நாள் கடலை மிட்டாய் வாங்கிப் போனாள். உறுமி கேட்கும், கை திமிலுக்குப் போகும், பாட்டு முடியும்வரை நின்றால் வாய்க்கு மிட்டாய். அவ்வளவுதான் பாடம். மாடு புத்திசாலி மாடு, மைக்கேல்சாமி வளர்ப்பு. ஏழாம் நாள் உறுமிச் சத்தம் கேட்டதுமே தலையைத் தாழ்த்தி நாக்கை நீட்டியது.

பத்தாம் நாள் அவள் திமிலில் கையை வைத்தபோது தோல் நடுங்கவில்லை. கை வைத்தால் அடியில் ஒரு துடிப்பு ஓடும், அது இல்லை. அப்பா சொன்ன கூச்சம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் மிட்டாயை நீட்டினாள். படப்பிடிப்பு முடிந்ததும் பழையபடி வைக்கோல் பிரிக்குப் போய்விட்டால் ஒரு மாதத்தில் கூச்சம் திரும்பிவிடும் என்று தனக்குத் தானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டாள்.

மார்கழிப் பனியில், ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளிக் தண்ணீர் எட்டாத கண்மாய் உள்வாய்த் தரையில் படப்பிடிப்பு. விடியுமுன் வரச் சொன்னார்கள். கடுகு நிறத்தில் புதுச் சேலை எடுத்து, பிளவுஸ் தைத்து, மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு சம்மனசைப் பிடித்தபடி போய் நின்றாள். ஒரு பையன் வந்து மேலும் கீழும் பார்த்து, கூட்டத்தில் நிற்கிறவர்கள் இப்படிப் பளிச்சென்று வரக்கூடாது என்று சொல்லி, சாக்கிலிருந்து பழுப்பேறின சேலை ஒன்றை உருவிக் கொடுத்தான். யார் யார் உடுத்திய வேர்வையோ அதில் காய்ந்திருந்தது. அவளுடைய கடுகுச் சேலையை, பாட்டில் மாட்டுக்காரியாக வருகிற பெண்ணுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சம்மனசின் கயிற்றைப் பிடிக்கிற வேலையை அவளைவிட அழகாகச் செய்வதற்கு ஒரு பெண்ணைச் சென்னையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகத்திலும் கையிலும் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார்கள். மாட்டை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டது. வேளாங்கண்ணி நாக்கை மடித்துச் சொடுக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. பரவாயில்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பொழுது ஏறியது. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், ஊறுகாய் தீர்ந்துபோயிருந்தது. வேனிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மாட்டை நிழலுக்குக் கொண்டுபோகலாமா என்று மூன்று தடவை கேட்டாள். வெளிச்சம் மாறிவிடும் என்று விடவில்லை. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முகத்தில் தெளித்துக்கொண்டே நின்றாள்.

நாலு மணிக்குத் திருமுருகன் வேனிலிருந்து இறங்கினான். மேடையில் பார்த்ததைவிடக் குள்ளம். பக்கத்தில் வந்ததும் பூ மாதிரி மணத்தான். வேளாங்கண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒங்க பாட்டுதாங்க எனக்கு விடிஞ்சதும் என்று, பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் காளையின் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டாதுல்லக்கா?" என்றான்.

"முட்டாதுங்க."

அவளிடம் அவன் பேசியது அவ்வளவுதான்.

மாடு அந்தச் சென்னைப் பெண்ணுக்கு நிற்கவில்லை. கடைசியில் வேளாங்கண்ணியை ஒரு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் குத்தவைத்து, கேமராவில் விழாதபடி கையை மட்டும் நீட்டிக்கொள்ளச் சொன்னார்கள். உறுமி கேட்டது. சம்மனசு தலையைத் தாழ்த்தியது. திருமுருகன் திமிலில் கைபோட்டான். பதினேழு தடவை எடுத்தார்கள். இரண்டு பாக்கெட் மிட்டாயும் தீர்ந்தது. முழங்கால் மரத்துப்போய் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கூட்டத்தில் நிற்கிற சீனை, வெளிச்சம் போய்விட்டது என்று எடுக்கவே இல்லை.

ஆனால் எல்லாம் முடிந்து, ஒருவன் சின்னக் கேமராவைத் தூக்கி வந்ததும், திருமுருகன் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசினான். "இது மாடில்ல, என் கூடப் பொறந்தது. இதுக்கு ஒண்ணுன்னா நான் வந்து நிப்பேன்." வைக்கோல் கட்டைப் பிடித்து எழுந்துகொண்டிருந்த வேளாங்கண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைய வெயில், பொட்டலம், அழுக்குச் சேலை எல்லாம் அந்த ஒரு பேச்சில் கழிந்துபோனது. கடுகுச் சேலையைத் திருப்பிக் கேட்கவும் மறந்து வீட்டுக்கு வந்தாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் பாட்டு வந்தது. மகள் பிரின்சி போனை நிறுத்தி நிறுத்தி அம்மாவைத் தேடினாள். கடைசி இடத்தில் காளை எதையோ பார்த்து நாக்கை நீட்டும். ஓரத்தில் கண் இமைக்கிற நேரம் ஒரு கட்டைவிரல், கறுத்த நகத்தோடு. "இந்தாம்மா நீ" என்று பிரின்சி சொல்லிச் சிரித்தாள். வேளாங்கண்ணி அந்த விரலையே பத்துத் தடவை பார்த்தாள்.

மரியசெல்வமும் பார்த்தான். திமிலில் கைபோட்டு நிற்கிற இடம் வந்ததும் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது எப்புடி?"

"கம்ப்யூட்டர்ல பண்ணுவாங்களாம். அவரைத் தனியா எடுத்து, மாட்டைத் தனியா எடுத்து ஒட்டுறதாம்."

அவன் நம்பினான். பொய் அவ்வளவு லேசாக இறங்கினது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தை மாதத்தில் பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழா. ஜல்லிக்கட்டுக்கு எழுநூறு மாடு டோக்கன். காலையில் பங்குச் சாமியார் வரிசையில் நின்ற மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். சம்மனசைப் பார்த்து, பாட்டில் வந்தவரா என்று சிரித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். வேளாங்கண்ணிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த நிலையில்தான் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. மைக்செட் போட்டிருந்த ஃபிரெடி அவளுக்குச் சித்தப்பா மகன். நேரே அவனிடம் போனாள்.

"தம்பி, நம்ம மாடு வரும்போது அந்தப் பாட்டைப் போட்டுவிடுறியா? வாடியத் தொறக்கும்போது சரியா ஆரம்பிக்கணும்."

"ஒங்க மாட்டுக்கு இல்லாததாக்கா" என்றான் ஃபிரெடி.

மரியசெல்வம் வாடிக்குப் பின்னால் மாட்டோடு நின்றான். அவள் எதிர்க்கோடியில், மாடுகள் ஓடி வந்து சேருகிற திடலில், பிடிகயிற்றோடு நின்றாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். பாட்டில் நடித்த மாடு வருகிறது, நாலு வருஷம் பிடிபடாத மாடு, முடிந்தால் தொட்டுப் பார் என்று மைக்கில் கூவினார்கள். உறுமி இழுத்தது. கூட்டத்தின் கூச்சலில் அது மாட்டின் காதில் விழவில்லை போல, சம்மனசு ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. வழிமறித்த நாலு பேர் கட்டைமேல் ஏறினார்கள். இரண்டாவது பாய்ச்சலில் 'எட்டி நில்லு பங்காளி' என்று குரல் வந்தது.

சம்மனசு நின்றது.

மைதானத்துக்கு நடுவில், கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, வளர்த்த நாய்க்குட்டி மாதிரி நின்றது. வீரர்களுக்கே ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள். பிறகு, பனியன் இன்னும் கசங்காத ஒல்லிப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து திமிலில் கையை வைத்தான். காளை உதறவில்லை. அவன் பக்கமாக முகத்தைத் திருப்பி நாக்கை நீட்டியது. அவன் பயந்து கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தான். முதலில் கேலரியில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. வேளாங்கண்ணி பிடிகயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை மாடு கண்டுகொள்ளவே இல்லை. பாட்டு முடிகிறவரைக்கும் மிட்டாய்க்காக நின்றது.

திரும்பி வரும்போது மரியசெல்வம் வண்டியில் ஏற்றாமல் மாட்டை நடத்தியே வந்தான். தைலமரக் காட்டு வண்டிப்பாதையில் ஒரு மைல் தூரம் நடந்தார்கள். பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"யாரு திமில்ல கை வச்சது?"

"நாந்தான்."

"கம்ப்யூட்டர்னு சொன்ன."

அவள் கறுத்த கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ஒங்கப்பாரு கண்ண மூடுற வரைக்கும் அதுல கை வைக்கல. வளத்தவரே வைக்கலையே, நமக்கு என்ன இருக்குன்னு நாலு வருசமா வைக்கப்பிரியாலதான் தேய்ச்சேன். ஒருநாள் கைதவறிக்கூடப் பட்டதில்ல." கொஞ்ச தூரம் நடந்தான். "நீ ஒரு பாட்டுக்காரனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திருக்க."

கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் குரல் எழும்பவில்லை.

பேச்சுப்படி அன்றே அவன் விற்றிருக்கலாம். அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு இன்னொரு வாடிவாசலுக்குத் தவணை வாங்கினாள். பாட்டைக் கேட்டுத்தான் நின்றது, பாட்டு இல்லாவிட்டால் பழைய சம்மனசுதான் என்று அடித்துச் சொன்னாள். போனிலிருந்து அந்தப் பாட்டை அழித்தாள். மற்றப் பாட்டுகளையும் போடுவதை விட்டாள். விடியற்காலைக் கொட்டகையில் பால் தூக்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைக்கோல் பிரியால் தினம் இரண்டு வேளை தேய்த்தாள். ஆனால் அழிக்கிறது அவள் கையில் இருந்தால்தானே. பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. டீக்கடையில், டவுன்பஸ்ஸில், காதுகுத்து வீட்டில், பால் சொசைட்டிக்காரரின் போனில்கூட அதுதான். வேலிக்கு அப்பால் எவனாவது பைக்கில் பாட்டோடு போனால், சம்மனசு தீனியை விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்தி நின்றது.

மாசி மாத ஜல்லிக்கட்டில் மைக்செட்காரரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்திருந்தாள். அவர் போடவில்லை. விஷயம் அதற்குள் நாலு ஊருக்குப் பரவியிருந்தது. வாடி திறந்ததும், கட்டைமேல் உட்கார்ந்திருந்த பையன்கள் கைக்கடக்கமான ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். சம்மனசு நின்றது. ஒருவன் திமிலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவனைச் செல்ஃபி எடுக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகு வாடிவாசலுக்கென்று அதை வாங்க யாரும் வரவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள். உழவுக்கும் பழக்காத மாடு. மிச்சம் இருந்தது மணப்பாறைச் சந்தையும், சந்தைக்கு அப்பால் கறிக்குப் போகிற லாரிகளும்தான்.

வேளாங்கண்ணி ஆத்மநாதனுக்குப் போன் போட்டாள். ஆறாவது தடவை எடுத்தான்.

"தம்பி, மாடு கெட்டுப்போச்சு தம்பி. பாட்டைக் கேட்டா நின்னுருது. கொடுத்துருவோம்னு சொல்றாங்க. அண்ணன்கிட்டச் சொல்லு. அன்னிக்குச் சொன்னாருல்ல, இதுக்கு ஒண்ணுன்னா வந்து நிப்பேன்னு."

"அது மேக்கிங் வீடியோவுக்குச் சொன்னதுக்கா."

"காசு ஒண்ணும் வேணாம். ஓட்டிக்கிட்டுப் போயி அவரு வச்சுக்கிட்டாப் போதும். நான் தீனிகூட அனுப்பி விடுறேன்."

"அண்ணன் சென்னையில அஞ்சாவது மாடியில இருக்காரு. எங்கக்கா கட்டுறது?" அவன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. "அக்கா, அடுத்த வாரம் ஒரு பாட்டு எடுக்குறோம், கீரனூர் பக்கம். எழவு வீட்டு சீன். சுத்தி ஒக்காந்து அழுகுறதுக்குப் பொம்பளை ஆளுங்க வேணும். வாரீங்களா? இந்தத் தடவை மொகம் தெரியுற மாதிரி வைக்கச் சொல்றேன்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இரண்டு தடவை அக்கா அக்கா என்று கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டான்.

திருப்பதி என்கிற மாட்டு வியாபாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரியோடு வந்தார். உள்ளே ஏற்கெனவே ஐந்து மாடு நின்றது, எல்லாம் எலும்பு தெரிகிற கிழடு. மாட்டை விற்கிற வீட்டுக் கயிறு மாட்டோடு போகக் கூடாது என்பதால் புதுக்கயிறு கொண்டுவந்திருந்தார். மரியசெல்வம் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, புதுக்கயிற்றைக் கட்டினான். அவன் கை திமிலுக்குப் பக்கத்தில் போனபோது, பழக்கத்தில் ஒதுங்கிப் போயிற்று.

லாரியில் ஏறப் போட்ட பலகையில் கால் வைக்கச் சம்மனசு மறுத்தது. திருப்பதியின் ஆட்கள் இரண்டு பேரை வேலிவரை விரட்டியது. மண்ணைப் பறித்து எறிந்தது. கொட்டகைத் தூணில் கொம்பை மாட்டி ஆட்டியது. அந்தக் கோபத்தைப் பார்த்தபோது வேளாங்கண்ணிக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ஒருவன் லாரிக்குப் பின்னாலிருந்து வந்தான். ஒரு கையில் கருவேலக் கம்பு, இன்னொரு கையில் நசுக்கின பச்சைமிளகாய், கண்ணில் தேய்ப்பதற்கு.

"அடிக்காதீங்க" என்றாள் வேளாங்கண்ணி. "நான் நிக்க வைக்கிறேன்."

மரியசெல்வம் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், மிளகாயைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

போனில் அந்தப் பாட்டு இல்லை, அவள்தானே அழித்தாள். யூடியூபில் தேடினாள். அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. கிடைத்ததும் பாட்டுக்கு முன்னால் ஒரு சோப்பு விளம்பரம் ஓடியது. ஒரு பெண் நுரையைக் கையில் அள்ளிச் சிரித்தாள். அது முடியும்வரை எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

உறுமி இழுத்தது.

சம்மனசு தூணிலிருந்து கொம்பை எடுத்தது. மூச்சு இறங்கியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளைப் பார்த்து நின்றது. திருப்பதி ஒருமுறை ஆச்சரியமாகச் சிரித்துவிட்டு, திமிலில் உள்ளங்கையை வைத்து, வாடா ராசா என்று பலகைமேல் நடத்திக்கொண்டு போனார். கன்றுக்குட்டி மாதிரி ஏறியது. கொம்பைச் சேர்த்துக் கம்பியில் கட்டினார்கள். பலகையைத் தூக்கிக் கொக்கி போட்டார்கள். எங்க வீட்டுக் காளைடா என்று திருமுருகன் கடைசி அடியைப் பாடி முடித்தான்.

கம்பிச் சந்து வழியாகச் சம்மனசு மூக்கை நுழைத்து நாக்கை நீட்டியது.

வேளாங்கண்ணியிடம் மிட்டாய் இல்லை. தை மாதத்துக்குப் பிறகு அந்தச் சனியனை அவள் வாங்கவே இல்லை. பெட்டிக்கடை முக்கு திரும்பினால் இருக்கிறது. ஓடிப் போய் வாங்கிவந்துவிடலாம். ஒரு நிமிஷம் இருங்க என்றாள். லாரியைக் கிளப்பிவிட்டார்கள். பக்கத்தில் ஓடிப்போய் வெறுங்கையை நீட்டினாள். சம்மனசு உள்ளங்கையை நக்கியது. இல்லையென்று தெரிந்த பிறகும், வளர்ந்து பாதி வெளுத்திருந்த அந்தக் கறுத்த நகத்தை ஒருமுறை நக்கிப் பார்த்தது.

லாரி தைலமரக் காட்டு வளைவில் திரும்புகிறவரைக்கும் அந்த நாக்கு வெளியேதான் இருந்தது. மரியசெல்வம் பழைய கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, லோடுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை எடுக்க உள்ளே போனான். வேளாங்கண்ணியின் கையில் இருந்த போன் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போயிற்று. அதுவும் திருமுருகன் பாட்டுதான்.